புளி போட்டுத் தேய்த்த பாம்புக் காசு

ஜூலை 10, திங்கள்

இந்த நோட்டின் முன்பக்கத்தில் ‘ரோமானிய மாகாணக் காசுகள் - பதிவேடு’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து நான் எழுதும் இது மட்டும் அவர் சொல்லாதது. இருபத்துநான்கு காசுக்கு இருநூறு பக்க நோட்டு எதற்கு? மிச்சமெல்லாம் வீணாகத்தானே கிடக்கும்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கரூரைச் சுற்றியுள்ள கம்பங்களில் முக்கால்வாசி அவர் ஏறி இறங்கியவை. ஊரில் மற்றவர்கள் தபால் தலை சேர்த்தார்கள், நிலம் சேர்த்தார்கள். இவர் சேர்த்தது செப்புக் காசு. ரோம் ராஜாக்கள் ஆண்ட காலத்தில், கிழக்கே இருந்த ஊர்களெல்லாம் தங்கள் சில்லறையைத் தாங்களே அடித்துக்கொண்டனவாம். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் அந்தந்த ஊரின் சாமி, கோயில், மலை, ஆறு. “ராஜா மூஞ்சி எங்க போனாலும் ஒண்ணுதான் மயிலா, ஊர்ப் பக்கத்தைப் பாரு” என்பார்.

இப்போது அவருக்கு ராஜா பக்கமும் தெரிவதில்லை, ஊர்ப் பக்கமும் தெரிவதில்லை. இரண்டு கண்ணிலும் புரை. இதை அவர் ஒத்துக்கொள்வாரா? பல்பு கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்கிறார். பேப்பர்காரன் மையை மிச்சம் பிடிக்கிறான் என்கிறார். நேற்று பால்காரரைப் பார்த்து “வாங்க மாப்ள, கோகிலா வரலீங்களா?” என்று உள்ளே கூப்பிட்டார். ஓசூரிலிருந்து எங்கள் மாப்பிள்ளை காலை ஐந்தரை மணிக்குக் கேனோடு வருவாராம். பால்காரரும் கூச்சப்படாமல் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 17 அன்று இங்கே நாணயம் சேர்ப்போர் சங்கத்தின் கண்காட்சி. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இவரை மேடையேற்றி, இவர் காசுகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பதிவேடு. எழுதுவது நான், படிப்பது யாரோ தெரியவில்லை.

ஜூலை 14, வெள்ளி

கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மாவுக்கு எங்கள் கோகிலா வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். “வலது கண்ணுல புரை நல்லா முத்திருச்சுங்கய்யா. மூணு மாசத்துக்கு மேல தள்ளுனீங்கன்னா உள்ள பிரஷர் ஏறிரும். அப்புறம் ஆபரேஷன் பண்ணுனாலும் பார்வை வருமான்னு சொல்ல முடியாது.”

இவர் ரொம்ப மரியாதையாக, “திங்கக்கெழம ஆடி பொறக்குதுங்களே” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் காங்கேயம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: “கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டேவா பண்ணுவாங்க?”

“மரத்துப் போறதுக்கு மருந்து விடுவாங்க. ஒண்ணுமே தெரியாதாமா.”

“நான் எனக்குக் கேக்கல. சும்மா கேட்டேன்.”

ஜூலை 18, செவ்வாய்

ஆடி இரண்டு. ராகி மாவு திரித்தேன். மோட்டார் ரிப்பேர்.

மத்தியானம் சீட்டு எழுதும் வேலை. ஒவ்வொரு காசுக்கும் கீழே வைக்க ஒரு சீட்டு. எனக்கு இந்தத் துருப்பிடித்த துட்டைக் கண்டால் ஆகாது. ஆனால் எழுதுகிறவள் தப்பாக எழுதினால் பேர் கெட்டுப்போவது யாருக்கு? ஜூலியா டோம்னா என்று ஒரு ராணி. பின்னலை மடித்து மடித்து என்ன நேர்த்தியாகக் கொண்டை போட்டிருக்கிறாள்! அதை முடிய மட்டும் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஜூலை 27, வியாழன்

சாயங்காலம் நாலு மணிக்கு இவர் மேற்கு ஜன்னலோரம் போய் உட்காருகிறார். வலது கையை மூடி வைத்திருக்கிறார். நான் போனால் கை சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. நாலு நாளாகக் கவனிக்கிறேன். சர்க்கரை இருநூற்றைம்பதில் நிற்கும்போது மனுசன் என்னத்தையோ தின்கிறார். கடலை மிட்டாயாகத்தான் இருக்கும்.

“கையில என்னுங்க?”

“ரேகை.”

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளி சாதம்.

புளி சாதத்தைப் பார்த்ததும், சாப்பிட வந்திருந்த சங்கச் செயலாளர் சிதம்பரநாதனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர், இவரைவிட இளையவர், என்னை அக்கா என்பார். “அக்கா, புளி மிச்சம் இருந்தா எங்கூட்டுக் காசையும் தேச்சுக் குடுங்களேன்” என்றார். பத்தொன்பது வருஷமாக இந்தக் கிண்டல். சங்கத்தில் எனக்குப் பெயரே புளியக்காதான்.

நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், வீட்டிலுள்ள பித்தளை எல்லாவற்றையும் புறக்கடையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேஜைமேல் பெரிய காசு ஒன்று கிடந்தது. கருப்பும் பச்சையுமாகக் களிம்பு. திருப்பினால் கிரீடம் வைத்த பாம்பு, தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாகர் கோயில் காசு என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பேன்? அடடா, சாமி காசு இப்படிக் கிடக்கிறதே என்று புளியும் உப்பும் போட்டு, தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்தேன். தங்கம் மாதிரி வந்தது. சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜைத் தட்டில் நடுவில் வைத்தேன். இவர் வேலை முடிந்து வந்து பார்த்தார். அது எகிப்து தேசத்தில் அலெக்சாந்திரியா ஊரில் அடித்த காசாம். அந்த ஊரைக் காக்கும் பாம்பாம். இவர் வைத்திருந்ததிலேயே பெரியது அதுதானாம். ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக் களிம்பை நான் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டேனாம். களிம்பு இருந்தால்தான் இவர்களுக்கு மதிப்பு. இதை யாராவது முன்னாலேயே சொல்லித் தொலைக்க வேண்டாமா?

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் காசை எங்கே தூக்கிப் போட்டாரோ, அதன் பிறகு நான் பார்க்கவேயில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பதிவேட்டில் இருபத்துமூன்று காசுதான் ஆகியிருக்கிறது. இருபத்துநாலாவது, மண் அப்பிய ஒரு கட்டி. ஒரு வியாபாரியிடம் இவர் போன வருஷம் வாங்கியது. பேட்டரிக் கடையில் விற்கும் சுத்தத் தண்ணீரில் டம்ளரில் போட்டு வைத்து, வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்றி, இளகிய மண்ணைக் குச்சியால் நெம்ப வேண்டும். “மயிலா, நீ அந்தப் பக்கமே போகாத, நான் பாத்துக்கறேன்” என்றார். பார்க்கத்தானே முடியவில்லை?

அவர் தூங்கும்போது ஈர்க்குச்சியை ஊசியாகச் சீவி ஓரத்தில் கொஞ்சம் நெம்பினேன். துண்டு ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். ஒரு இழை விட்டிருந்தாலும் கண்ணில் படும். அவ்வளவுதான், மற்றபடி எனக்கு இதில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

ஒரு எழுத்து தெரிந்தது! எனக்கென்ன வந்தது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆடி முடிந்தது. “ஆவணி பொறந்துருச்சுங்க, டாக்டரம்மாவுக்கு போன் போடட்டுமா?” என்றேன். கண்காட்சி முடியட்டும் என்கிறார். கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு மேடையேறினால் சங்கத்தில் என்ன நினைப்பார்கள் என்கிறார். கட்டுப் போடாமல் ஏறினால் மட்டும் என்ன பார்க்கப் போகிறார் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பழனி முருகன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன்: கண்காட்சி முடிந்ததும் ஆபரேஷன்.

இவர் திட்டம் இன்று புரிந்தது. வரிசைக்கு ஆறாக நாலு வரிசை. எந்த இடத்தில் எந்தக் காசு என்று மனப்பாடம் செய்கிறார். குளிக்கும்போதும் முணுமுணுப்புத்தான். “மொத வரிசை மூணாவது, ஜூலியா டோம்னா. ரெண்டாவது வரிசை ஒண்ணாவது, ஹேட்ரியன், தாடி.” கம்பத்தின் நம்பரை வைத்தே ஊரைச் சொன்ன ஆள், இதுவா வராது? தப்பில்லாமல் சொல்கிறார். கேட்கக் கேட்க எனக்கும் பாடமாகிவிட்டது. அது காதில் விழுந்த கோளாறு.

ஆகஸ்ட் 30, புதன்

காசு ஊறுகிற டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டார்.

குடிக்கிற தண்ணீர் என்று நினைத்திருக்கிறார். உதட்டில் காசு இடித்ததும் ‘தூ’ என்று துப்பி, “என்ன கருமம்டா இது” என்றார். நான் சிரித்தேன் பாருங்கள், அடக்கவே முடியவில்லை. “கப்பல் ஏறி வந்த காசை முழுங்கப் பாத்தீங்களே!” என்றேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தரையைத் துழாவினார். காசு அவர் காலுக்குப் பக்கத்திலேயே, வெயில் விழுந்த இடத்தில் கிடந்தது. இவர் கை வேறு பக்கமாகத் துழாவிக்கொண்டிருந்தது.

பிறகு துவைக்கிற கல்லுக்குப் போய் நனைத்து வைத்த துணியை எல்லாம் அடித்துத் துவைத்தேன். அழுதேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். முருகா, இந்த மனுசன் கண் போய்விடக்கூடாது.

செப்டம்பர் 6, புதன்

கட்டியின் மறுபக்கம் தெளிந்துவிட்டது. இனி மறைக்க முடியாது, சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“என்ன தெரியுது, சொல்லு.”

“மலைங்க. நம்ம பழனி மலையாட்டம்.”

“மேல?”

“உச்சியில நட்சத்திரம் ஒண்ணு.”

“எழுத்து?”

எழுத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கிரேக்க எழுத்து எப்படித் தெரியும் என்று கேட்டார். ஏற்றுமதித் துண்டின் ஓரத்தில் எப்படித் துவைக்க வேண்டும் என்று பதினோரு மொழியில் ஒரு சீட்டு தைப்போம். அதில் ஒன்று கிரேக்கம். எழுத்து அழிந்திருந்தால் துண்டு திரும்பி வந்துவிடும். இருபத்திரண்டு வருஷம் அதைப் பார்த்தவளுக்கு அர்த்தம்தான் தெரியாது, முகம் தெரியாதா?

“கப்படோக்கியா தேசம்!” என்று தொடையில் தட்டினார். “சிசேரியா ஊரு! அந்த மலையே அவங்களுக்குச் சாமி. மயிலா, நீ எதுல தேச்ச?”

“புளியிலதான்.”

ஒரு நிமிஷம் ஆள் வெளுத்துப்போனார். அப்புறம்தான் நான் சிரிப்பது கேட்டது.

செப்டம்பர் 17, ஞாயிறு

நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு இடிக்கவில்லை, தேங்காய் வாங்கவில்லை. முதலில் இதை எழுதுகிறேன்.

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கண்காட்சி. எழுபது பேர் இருப்பார்கள். இவர் வெள்ளை வேட்டி சட்டையில் ஜம்மென்று மேடையில் நின்றார். கண்ணாடிப் பெட்டியில் இருபத்துநாலு காசும் முன்னால். நான் பின்வரிசைக்கும் பின்னால், தூணோரம். இவர் பேசத் தொடங்கியபோதுதான் சிதம்பரநாதன் என் பக்கம் வந்து, பெரிய உபகாரம் செய்தவர்போலக் காதில் சொன்னார்:

“அக்கா, அண்ணன் காசெல்லாம் முன்னப் பின்ன கெடந்துச்சு. காலைல நேரத்துலயே வந்து ராஜா வரிசைப்படி அடுக்கி வச்சுட்டனுங்க. சீட்டையும் மாத்திட்டேன்.”

இவர் மனப்பாடம் செய்திருந்தது பழைய வரிசையை. நான் முன்னால் போவதற்குள் இவர் காசுகளுக்கு வந்துவிட்டார்.

“மொத வரிசை மூணாவது பாருங்க. ஜூலியா டோம்னா. அந்தம்மா கொண்டை அழகைப் பாத்தீங்களா?”

முன்வரிசையில் ஈரோட்டிலிருந்து வந்த ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர். எழுந்து குனிந்து பார்த்தார். “கொண்டையைக் காணோமுங்களே. அந்தம்மாவுக்குத் தாடியல்ல இருக்குது?”

கூடமே சிரித்தது. இவரும் சிரித்தார். ஆனால் அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்த பிடி எனக்குத்தான் தெரியும். பெட்டிமேல் குனிந்தார். இன்னும் குனிந்தார். கண்ணாடியில் மூக்கு இடித்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அந்த நிமிஷம் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். முப்பது வருஷம் அலைந்து சேர்த்த மனுசன், தன் காசு முன்னால் குருடாக நிற்கிறார்.

நிமிர்ந்தார். சட்டைப் பையில் கை விட்டார். “தாடியும் கொண்டையும் கெடக்கட்டும். மொதல்ல இதைப் பாருங்க” என்று வெளியே எடுத்தார்.

கடலை மிட்டாய் இல்லை. பளபளவென்று ஜன்னல் வெயிலில் மின்னியது. பாம்புக் காசு.

“அலெக்சாந்திரியா. ஊரைக் காக்கற பாம்பு. ஆயிரத்தெண்ணூறு வருஷம் மண்ணு, தண்ணி, காத்து எல்லாத்துக்கும் தப்பிச்சு வந்துச்சு, எங்கூட்டுப் புளிக்குத் தப்ப முடியல.” கூடம் குலுங்கியது. தேங்காய் நார்வரை ஒன்று விடாமல் சொன்னார். “நாகர்னு நெனச்சுக் குங்குமம் வச்சிருந்தாளுங்க. ரோமாபுரி ராஜா நெத்தியில சந்தனம்! குத்தவாளி அந்தா, தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நிக்கறா. மயிலா, இங்க வா. மீதி இருவத்திநாலையும் அவளே சொல்லுவா. தண்டனைன்னு வச்சுக்குங்க.”

மேடைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? பக்கத்தில் நின்றதும் மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார். சில்லென்று இருந்தது.

நான் ஒன்றும் பேசிவிடவில்லை. சீட்டில் இருந்ததைச் சும்மா படித்தேன். ராணியின் கொண்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. பழனி மலையைப் பற்றிக் கொஞ்சம். அலெக்சாந்திரியாக் காசில் ராஜா பட்டத்துக்கு வந்து எத்தனை வருஷம் என்று எழுத்தாலேயே போட்டிருப்பார்கள், பெட்டியிலிருந்த ஒன்றில் அதைத் தாசில்தார் பதினொன்று என்றார், பன்னிரண்டு என்று காட்டினேன். முடித்தபோது ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. சிதம்பரநாதன் கைதட்டிக்கொண்டே, “புளியக்கா, அடுத்த மாசக் கூட்டத்துலயும் நீங்கதான்” என்றார். போகிற போக்கில் பார்க்கலாம் என்றேன்.

வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் வந்தோம்.

“அதை எதுக்குங்க பையிலயே வச்சிருந்தீங்க?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “மத்ததெல்லாம் கருப்பாத்தான் தெரியுது மயிலா. போன தையிலிருந்தே. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியுது. சாயங்கால வெயில்ல வச்சுப் பாத்தா பாம்புத் தலைகூட மசமசன்னு தெரியும்.”

கண்டக்டர் சில்லறை கேட்டார், நான் வீட்டுச் சாவியை நீட்டினேன்.

செப்டம்பர் 20, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டதே என்று தொடங்கினார். முருகனை ஞாபகப்படுத்தினேன். அக்டோபர் ஐந்துக்கு நாள் வாங்கியாகிவிட்டது.

அக்டோபர் 5, வியாழன்

உள்ளே போகும்போது பச்சைச் சட்டையில் சின்னப் பையன் மாதிரி இருந்தார். “நாப்பதடிக் கம்பத்துல நிக்கறப்பக்கூட இப்படி இல்ல” என்றார். என்னிடம் முதல் தடவையாக ஒத்துக்கொண்டது இதுதான்.

பாம்புக் காசைக் கையில் வைத்துக்கொள்ள விடவில்லை. நான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். இருபது நிமிஷம் என்றார்கள். நான் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது வலது கண்ணில் பெரிய கட்டு. “வலிக்குதுங்களா?” “பசிக்குது.”

அக்டோபர் 6, வெள்ளி

காலையில் கட்டுப் பிரித்தார்கள். டாக்டரம்மா சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரிக்கு முந்தின வரிவரை கடகடவென்று படித்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மயிலா, உனக்கு எப்ப இப்படி நரைச்சுது?”

“நீங்க பல்பைத் திட்டிக்கிட்டிருந்தப்ப.”

பிரஷர் ஏறவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றாள் டாக்டரம்மா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது. மின்விசிறியில் ஒட்டடை. சுவரில் எண்ணெய்க் கறை. பால்காரர் எங்கள் மாப்பிள்ளை மாதிரி துளிகூட இல்லையாம். அப்புறம் கையை நீட்டினார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாம்புக் காசைக் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். திருப்பினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின அதே கோபம் முகத்தில் வந்தது.

“அடிப் பாவி! எழுத்துல பாதியைக் காணோம். பாம்புச் செதிலு ஒண்ணுகூட இல்ல. ராஜா மூக்கு எங்கடி? இப்படியா தேய்ப்ப?”

காசை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதோடு சரி, பேச்சில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

நன்றாகக் கண் தெரிகிறது! ஒவ்வொரு கீறலும் தெரிகிறது! பதினோரு நாள் என்ன, இருபத்திரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும்.

அக்டோபர் 7, சனி

பேசவில்லை. சொட்டு மருந்துக்கு மட்டும் முகத்தைத் தூக்கிக் காட்டுகிறார். நான் பாட்டுப் பாடிக்கொண்டே ஒட்டடை அடித்தேன்.

சாயங்காலம் குழம்பு வைக்கப் போனால் புளி டப்பாவைக் காணோம்.

அக்டோபர் 7, இரவு எட்டு மணி

இது நாச்சிமுத்து எழுதுவது. பேசுவதில்லை என்று இருப்பதால் எழுதுகிறேன். பதிவேட்டைச் சரிபார்க்க எடுத்தேன். பின்பக்கம் திருப்பியதும் தெரிந்தது. ஒற்றைக் கண்ணாலேயே முழுக்கப் படித்துவிட்டேன்.

பால்காரருக்குக் காபி போட்டுக் கொடுத்தது நீ.

தாசில்தார் சொன்ன பதினொன்றும் தப்பு, நீ சொன்ன பன்னிரண்டும் தப்பு. பதிமூன்று. அன்று கண் தெரியாததால் விட்டுவிட்டேன்.

துவைக்கிற கல்லில் நடந்தது எனக்குத் தெரியாது.

இடது கண்ணுக்கு நவம்பர் 9. நானே போன் பண்ணிக் கேட்டேன். நீ கூட வரவேண்டும். ஆயுத பூஜைக்குப் பாம்புக் காசைத் தட்டில் வைத்துக்கொள், குங்குமமும் வைத்துக்கொள். புளி டப்பாவைக் காசுப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். குழம்புக்கு வேண்டுமென்றால் வந்து கேள். பேசுகிறேன்.